சுழியில் வழுக்கிய பேனா, சிலுவையில் கீறியது

பேனா கீறுகிறது என்று யார் கொண்டு வந்து நீட்டினாலும் உடனே லென்ஸைக் கையில் எடுக்காதீர்கள். இதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். லென்ஸ் இல்லாமல் நிப்பு வேலை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தேனியில் அந்தப் பேனாக் கடையின் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே கண்ணாடிப் பவர் ஏறிப்போனவள் நான். எனக்கும் லென்ஸ்மேல் பாசம் உண்டு. ஆனாலும் சொல்கிறேன், முதலில் அதை எடுக்காதீர்கள்.

இப்போது அந்த பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு வருகிற பேனாக்களில் பாதிக்கு மேல் கூரியரில்தான் வருகின்றன என்று கேள்விப்பட்டேன். பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பஞ்சு சுற்றி, டப்பாவுக்குள் பத்திரமாக வந்து இறங்குகின்றனவாம். சந்தோஷம். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். கூரியரில் பேனா வரும், கை வராது. அந்தக் கையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கீறுகிறது என்று வரும் பேனாக்களில் பல, உண்மையில் கீறுவதே இல்லை. போடியிலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரி மாதம் தவறாமல் வருவார். "ஏத்தா, இது எலி மாதிரி பிராண்டுது" என்பார். நிப்பின் நடுப் பிளவில் பார்த்தால் சாக்கு நூல் ஒன்று சிக்கியிருக்கும். மூட்டைமேல் வைத்தே சீட்டு எழுதும் மனிதர். நூலை எடுத்துவிட்டால் போதும், பேனா சரியாகிவிடும். அடுத்த மாதம் மறுபடி வருவார். இன்னொரு டீச்சரம்மா, விடைத்தாள் திருத்தும்போது மட்டும் பேனா கீறுகிறது என்றார். பேப்பர் மட்டம், அதை மாற்றிப் பாருங்கள் என்றேன். "பேப்பரு அவுக குடுக்கிறது, அத எப்படி மாத்துறது? ஏங் கையில இருக்கிறது பேனா ஒண்ணுதான், அத மாத்திக் குடு" என்றார். அந்தம்மாவுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

இதெல்லாம் வேடிக்கை. நான் சொல்ல வந்தது வேடிக்கை இல்லை.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. சர்வீஸ் முடிந்த பேனாவால் ஒரு சின்னச் சீட்டில் பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே பேனாவுக்குச் சொந்தக்காரர் பெயரை எழுதி, அந்தச் சீட்டைப் பேனாவோடு சுற்றிக் கொடுப்போம். பெயரை நான் எழுதுவேன். சுழியை முதலாளிதான் போடுவார். பெரிய மேஜையில் நன்றாகக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுவார். வளைவில் தடுக்காமல், கடைசி நீட்டில் பிசிறடிக்காமல் வந்தால் பேனா கவருக்குள் போகும். இல்லையென்றால் வாய் திறக்காமல் என் பெஞ்சுக்குத் தள்ளிவிடுவார். அவரிடம்தான் நான் வேலை படித்தேன். திட்டியதும் கிடையாது, பாராட்டியதும் கிடையாது. தள்ளினால் தப்பு, தள்ளாவிட்டால் சரி என்று நானாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஜெசிந்தா முதலில் வந்தபோது பேனாவோடு தனியாகத்தான் வந்தாள். சின்னமனூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் பெண். கடையில் நிற்பவர்களுக்கே உரிய வேகத்தில் பேசினாள்.

"எங்க அப்பா பேனாக்கா. சன்ன நிப்பு. கீறுதுன்னு சைகை காட்டுறாக. எழுத மாட்டேங்கிறாக."

சைகை என்றதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளே சொன்னாள். அப்பா பெயர் சவரிமுத்து. மேகமலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தவர். இந்தச் சரிவில் நின்று "ஏலே" என்று ஒரு சத்தம் கொடுத்தால் எதிர்ச்சரிவில் கொழுந்து பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்களாம். தொண்டையில் புற்று வந்து, ஆபரேஷன் செய்து, குரலை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு என்றால் எழுத்துதான். சட்டைப் பையில் சின்ன நோட்டு, இந்தப் பேனா. ஆபரேஷனில் தோளுக்குப் பலம் குறைந்துவிட்டதால் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுத முடியவில்லை. மைப் பேனா என்றால் அழுத்தவே வேண்டாம். சின்ன நோட்டில் நிறையப் பேச வேண்டும் என்பதால் சன்ன நிப்பு.

போனில் எழுதிக் காட்டலாமே என்று கேட்டேன். "அவுக விரலுக்கு ஒரு எழுத்த அமுக்குனா மூணு எழுத்து விழுகுதுக்கா" என்றாள்.

லென்ஸில் பார்த்தேன். நிப்புப் பிளவின் ஒரு பக்கம் மயிரிழை தூக்கியிருந்தது. சரி செய்தேன். முதலாளி சுழி போட்டார், வழுக்கிக்கொண்டு போனது. ஜெசிந்தா வாங்கிப் போனாள். சில நாளில் திரும்ப வந்தாள். அப்பா இன்னும் எழுதவில்லை, கீறுகிறது என்றே காட்டுகிறார். மறுபடி பார்த்தேன். எதுவும் இல்லை. கழுவி, மை மாற்றி, மெல்லிய உப்புத்தாளில் ஒரு தடவு தடவிக் கொடுத்தேன். முதலாளியின் சுழி முன்பைவிட அழகாக விழுந்தது.

அடுத்த முறை அப்பாவையே அழைத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். ஜாமென்ட்ரி பாக்ஸும் அட்டையும் கேட்டு, கடை வாசல்வரை கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே நெடுநெடுவென்று ஒரு மனிதர் கவுண்டர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி மூச்சுக்கு மூச்சு மெல்ல எழும்பித் தணிந்தது. நான் அவரைப் பார்த்து வணக்கம் சொன்னேன். பதில் ஜெசிந்தாவிடமிருந்து வந்தது.

"நாளைக்கு மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்க்கா. மறுபடி வந்திருச்சு. இன்னொரு ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம்கிறாக. ஆனா அந்த டாக்டரு, 'நீ சொல்லாதம்மா, சம்மதமா இல்லையான்னு அவரே சொல்லட்டும்'னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. இவுக எழுதித்தான சொல்லணும்? பேனாவத் தெறப்பாக, ஒரு கோடு போடுவாக, மூடிருவாக. பேனா எழுதலைங்கிறதெல்லாம் சாக்கு. எங்கள எதுக்குச் சோதிக்கணும்?"

"தலைய ஆட்டிச் சொல்லலாமே" என்றேன்.

"கைச்சாடைய டாக்டரு ஏத்துக்க மாட்டேங்கிறாரு. தலைய ஆட்ட, அவுகளுக்குக் கழுத்து எங்கக்கா ஆடுது? கரண்டு வச்சதுல இருந்து இரும்பு மாதிரி இறுகிப்போச்சு." கரண்டு என்று அவள் சொன்னது கதிர்வீச்சு சிகிச்சையை. எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

அவள் சொன்னது காதில் விழுந்தது. கூட்ட இரைச்சலில் அதை ஒரு பதிலாக மட்டும் வாங்கிக்கொண்டேன். இந்த வேலையில் வாடிக்கையாளர் தன்னையறியாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவார். நம் கண் நிப்பிலேயே இருந்தால் காது வேலை செய்யாது.

முதலாளி கல்லாவிலிருந்தபடியே குரல் கொடுத்தார். "ஏத்தா, ஒரு ஜெல் பேனாவ எடுத்துக் குடு. நாளைக்கு அவசரத்துக்கு ஆகும்ல?" நல்ல யோசனைதான். எடுத்து நீட்டினேன். சவரிமுத்து வாங்கவில்லை. தன் பேனாவைத் தொட்டுக் காட்டி, சுண்டுவிரல் நகத்தால் கவுண்டர் கண்ணாடியை ஒருமுறை கீறிக் காட்டினார். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற பையன்கள் பல்லைக் கடித்தார்கள். எனக்கும் கூசியது. இவ்வளவு தெளிவாகக் குறை சொல்லத் தெரிந்த மனிதர் சாக்குச் சொல்பவராக எனக்குத் தோன்றவில்லை.

லென்ஸை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். அந்தப் பேனா இத்தனை தடவை கடைக்கு வந்தும், அதை வைத்திருப்பவர் எழுதி நாங்கள் பார்த்ததே இல்லை. அவருக்காக மகள் பேசினாள், நாங்கள் எழுதிப் பார்த்தோம்.

"ஐயா, நீங்க எழுதுங்க. நான் பாக்கணும்" என்றேன்.

மேஜையில் சீட்டை வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "குனிஞ்சு எழுதுங்கப்பா, அக்கா கேக்குறாகல்ல" என்று ஜெசிந்தா அதட்டினாள். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். இடது உள்ளங்கையில் வைத்து, அப்படியே நெஞ்சுக்கு மேலே, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சுவரில் மாட்டிய காலண்டரில் எழுதுகிற மாதிரி, நிமிர்ந்து நின்ற அந்தத் தாளில் பேனாவைக் குத்தலாக வைத்தார்.

முதலில் மேலிருந்து கீழே ஒரு கோடு. பாதிவரை மை வந்தது, மீதிப் பாதி வெறும் கீறல். பிறகு குறுக்கே ஒரு கோடு. நிப்பு தாளில் மாட்டி, கிர்ரென்று இழுத்து, தாளின் நாரைக் கிளப்பியது. அது ஒரு சிலுவை. உடைந்த சிலுவை. அவர் அதைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் புதுப் பக்கத்தில் இன்னொரு சிலுவை போட்டார். அதுவும் உடைந்தது. பேனாவை மூடி, நோட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீகளா? வீட்டுலயும் இதேதான்" என்றாள் ஜெசிந்தா. "சிலுவை போடாம எதையும் ஆரம்பிக்க மாட்டாக. சிலுவை முழுசா விழலைன்னா அதுக்குக் கீழ ஒரு எழுத்து எழுத மாட்டாக. மாதாவே, நான் என்ன செய்யட்டும்?"

நாங்கள் மேஜையில் குனிந்து, பேனாவைச் சாய்த்துப் பிடித்து, வளைந்து போகும் சுழியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் குனிய முடியாமல், நிமிர்ந்த தாளில், பேனாவைக் குத்திப் பிடித்து, நேர்க்கோட்டில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் சுழிக்கு அந்தப் பேனாவில் எந்தக் குறையும் இல்லை. அவருடைய சிலுவைக்கு அது பேனாவே இல்லை. கழுத்து இறுக இறுக, நோட்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருக்க வேண்டும். கூடவே இருப்பவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நெருக்கடி அதற்குப் பிறகுதான். நிப்பின் நுனியில் தாளைத் தொடும் அந்தப் பொடி உலோக மணியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சன்ன நிப்பில் அது கண்ணுக்கே தட்டுப்படாது. குத்திப் பிடித்தால் எந்த இடம் தாளைத் தொடுமோ அந்த இடத்தைத் தேய்த்து உருட்ட வேண்டும். நிமிர்ந்த தாளுக்கு மை இறங்கிப் போகாது என்பதால் பிளவையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தேய்த்த உலோகம் திரும்ப வராது. கை ஒரு இழை தவறினால், மறுநாள் மதுரைக்குப் போகும் மனிதரிடம் பேனாவே இருக்காது. சரியாக வந்தாலும், அந்தப் பேனா இனி அவர் ஒருவர் கைக்குத்தான் எழுதும். மேஜையில் வைத்து எழுதுகிற யாருக்கும் அது முள்ளாகக் கீறும்.

நான் போய் முதலாளியிடம் சொன்னேன். கல்லா முன் நின்ற கூட்டத்தை மறந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப, நம்ம மேசையில எழுதாத பேனாவ சர்வீஸ் முடிஞ்சதுன்னு சொல்லி வெளிய அனுப்பச் சொல்ற."

"அவுக மேசையில எழுதலையே அண்ணாச்சி."

அவர் சவரிமுத்துவைப் பார்த்தார். மூச்சுக்கு எழும்பித் தணிந்த அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "செய்" என்றார். அதோடு கல்லாவை விட்டு எழுந்து, என் பெஞ்சுக்கும் கூட்டத்துக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். யாரும் என் கையை இடிக்காமல் இருக்க, அவ்வளவு பெரிய உடம்பைக் கதவு மாதிரி நிறுத்தியிருந்தார்.

எப்படித் தேய்த்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்த வேலை, அதை விட்டுவிடுகிறேன். சொல்ல வேண்டியது, எங்கே நிறுத்தினேன் என்பதை. இரண்டு தடவு தடவுவேன், எழுந்து போய் அவர் கையில் கொடுப்பேன். அவர் நோட்டை நெஞ்சுக்கு நேரே தூக்கி ஒரு கோடு இழுப்பார். சிலுவை போடச் சொல்லவில்லை. அது உடைந்தால் மனிதர் மறுபடி நோட்டை மூடிவிடுவார் என்று தெரியும். வெறும் கோடு. நான் தாளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் புருவம் தளரும்வரை பெஞ்சுக்கும் ஸ்டூலுக்கும் நடந்தேன். கடைசியில் என் கைக்கு இன்னும் ஒரு தடவு கேட்டது. இன்னும் கொஞ்சம் வழவழப்பாக்கலாம் என்று விரல் துடித்தது. அவர் புருவம் போதும் என்றது. நிறுத்தினேன். உங்களில் கெட்டிக்காரர்கள் தடுக்கி விழப்போவது இந்த இடத்தில்தான். பேனா நமக்குப் பிடித்த மாதிரி ஆகவேண்டும் என்கிற ஆசை வரும். அந்த ஆசையில் நாசமான நிப்புகள் என் டப்பாவில் நிறைய கிடந்தன.

முதலாளி வழக்கம்போலச் சுழிக்காகச் சீட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். பிறகு, போடாமலேயே, சீட்டையும் பேனாவையும் சவரிமுத்துவிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்க" என்றார்.

சவரிமுத்து சீட்டை நோட்டின்மேல் வைத்துத் தூக்கிப் பிடித்தார். மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. சத்தமே இல்லை. சன்னமான, முழுசான, கறுப்புச் சிலுவை. அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா, "அப்பாடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு டாக்டரிடம் சம்மதம் என்று எழுதிக் காட்டப் பேனா தயாராகிவிட்டது என்பது அவள் சந்தோஷம். எனக்கும் அதுதான் சந்தோஷம்.

சிலுவைக்குக் கீழே அவர் எழுத ஆரம்பித்தார். வழக்கமாக எல்லோரும் பெயரைத்தான் எழுதுவார்கள். எழுதி முடித்துச் சீட்டை மகள் பக்கம் திருப்பிக் காட்டினார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற என் கண்ணிலும் அது பட்டது. சின்னச் சின்ன எழுத்து, ஒவ்வொரு சுழியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இனி வெட்ட வேண்டாம் ஆத்தா. வீட்டுக்குப் போவோம்."

ஜெசிந்தா அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். என்னைப் பார்த்துத்தான் திரும்பினாள்.

"இதுக்காக்கா இத்தன பாடுபட்டுச் சரி பண்ணிக் குடுத்தீக? இந்தப் பேனா எழுதாமலே கெடந்திருந்தா, ஒண்ணும் சொல்லல, சம்மதம்தான்னு நான் சொல்லிருப்பேன்ல? இருக்கிற ஒரு வழியயும் அடைச்சுட்டீகளே!"

பையன்கள், அவர்களுடைய அம்மாக்கள், கடையே திரும்பிப் பார்த்தது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் அப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்தாள், அதற்கு நான் குறுக்கே வந்துவிட்டேன். சவரிமுத்து பேனா மூடியால் கவுண்டர் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார். அது அவருடைய "ஏலே" என்று பிறகு தெரிந்துகொண்டேன். மகள் திரும்பினாள். அவர் எழுந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். சீட்டைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று என்னால் சரியாக வேலை பார்க்க முடியவில்லை. ஒரு பேனாவைச் சரி செய்தது ஒரு மனிதரைச் சாகச் சொன்னது போல ஆகிவிட்டதா என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி, நான் பிசகாகச் செய்த இரண்டு பேனாக்களை மட்டும் வழக்கம்போலத் தள்ளிவிட்டார். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு, நம் வேலை பேனா எழுத வேண்டும் என்பதுவரைதான், என்ன எழுத வேண்டும் என்பது நம் கையில் இல்லை என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வீர்கள். நானும் சொல்லிக்கொண்டேன். சொன்னால் மனசு உடனே கேட்டுவிடாது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் மதுரைக்குப் போனதும், ஆபரேஷன் இல்லாமல் திரும்பியதும் யார் வழியாகவோ தெரிந்தது. அதன் பிறகு சவரிமுத்து மை வாங்கக் கடைக்கே வர ஆரம்பித்தார். கூட ஒரு பேரனோ, பக்கத்து வீட்டுக்காரரோ வருவார்கள். ஜெசிந்தா வரவில்லை. கவுண்டரில் இரண்டு தட்டு, நோட்டு நெஞ்சுக்கு நேரே ஏறும், ஒரு சிலுவை, ஒரு வரி, பிறகு என் பக்கம் திரும்பும். "ஃபேனை வாடிக்கையாளர் பக்கம் திருப்பச் சொல். முதலாளிக்கு மட்டும்தான் வேர்க்குமா?" என்று ஒருமுறை எழுதிக் காட்டினார். நான் சிரித்ததைப் பார்த்து முதலாளி என்னவென்று கேட்டார். நோட்டு அவர் பக்கம் திரும்பியது. அவர் ஃபேனைத் திருப்பினார். எதிர்ச்சரிவுக்குக் கேட்கும் குரல் என்று ஜெசிந்தா சொன்னாளே, அது எனக்கு அன்றுதான் கேட்டது.

பிறகு அவர் வருவது நின்றது. காரணம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் வேலையிலிருந்து நிற்கப் போகிற சமயத்தில் ஒரு நாள் ஜெசிந்தா வந்தாள். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு, கையில் அந்தப் பேனா. இளைத்திருந்தாள். "அப்பா போயிட்டாகக்கா" என்று மட்டும் சொன்னாள். பேனாவை வாங்கி, கை பழக்கத்தில், மேஜையில் குனிந்து ஒரு சீட்டில் சுழி போட்டேன். கீறிக்கொண்டு போனது. நான்தானே அப்படிச் செய்தேன்.

"மேசையில எழுதுற மாதிரி மாத்தித் தாரேன். இன்னும் ஒரு தடவ தேய்க்க எடம் இருக்கு" என்றேன்.

"வேண்டாங்கா. மைதான் தீந்துபோச்சு. ஒரு பாட்டில் குடுங்க."

மை தீர்ந்துவிட்டது என்றால் யாரோ எழுதியிருக்கிறார்கள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கவுண்டர் கண்ணாடியைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு உங்கள வைதுட்டேன்ல" என்றாள். "மதுரையில அந்த டாக்டரு மலையாளத்துக்காரரு. தமிழ் பேசுவாரு, வாசிக்க வராது. அப்பா அந்தச் சீட்ட எடுத்து நீட்டுனாக. அவரு என்கிட்ட குடுத்து, நீயே வாசிச்சுச் சொல்லும்மான்னுட்டாரு. மாத்தி வாசிச்சிருக்கலாம்க்கா. சம்மதம்னு எழுதியிருக்காகன்னு சொல்லிருந்தா யாருக்குத் தெரியும்? அப்பா என் வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக. எழுதினத அப்படியே வாசிச்சேன். அவசரத்துல 'ஆத்தா'ங்கிறதயும் சேத்து வாசிச்சுட்டேன்."

கண்ணாடியைத் துடைத்த கை நின்றது.

"அப்பா என்னைய ஆத்தான்னுதான் கூப்பிடுவாக. ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தச் சத்தம் காதுல விழவே இல்ல. அன்னைக்கு என் வாயில இருந்தே கேட்டேன்."

மை பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, பேனாவை நிரப்பி, நிப்பைத் துடைத்துக் கொடுத்தேன். பாட்டிலைக் கவரில் போட்டு, எழுதிப் பார்க்கச் சீட்டு ஒன்றை மேஜையில் வைத்தேன்.

ஜெசிந்தா சீட்டை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். நன்றாக வளைகிற கழுத்துதான் அவளுக்கு. அவள் குனியவில்லை. சீட்டை உள்ளங்கையில் வைத்து நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு சிலுவை போட்டாள். அதற்குக் கீழே, வீட்டுக்குப் போகும் வழியில் வாங்க வேண்டிய பலசரக்கை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள்.